ஞாயிறு சோழவரம், திங்கள் ஆபீஸ்

ஐம்பதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் கடைசிவரை இந்தியாவில் ஷோரூமுக்குப் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவர வழியில்லை. இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிவிட்டது. உள்ளூரில் செய்து விற்ற கார்கள் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதற்கும் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து வாங்கிய வண்டியை, குடும்பமே ஏறிக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகிற வண்டியை, பந்தயத்துக்காகச் சில நாள் மாற்றிக் கட்டி, முடிந்ததும் பழையபடி வீட்டுக் காராக்கிக் கொடுப்பது சென்னையில் ஒரு தனி வித்தையாக இருந்தது. என் அப்பா அதில் கைதேர்ந்தவர். நான் அவரிடம் கற்றுக்கொண்டவன்.

எங்களுடையது புதுப்பேட்டையில் ஒரு போரிங் பட்டறை. சிலிண்டர் போரிங், ஹெட் ஃபேஸிங், வால்வ் சீட் கட்டிங், கிராங்க் கிரைண்டிங்: போர்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கும். சோறு போட்டது டாக்ஸிக்காரர்கள். ஆனால் சோழவரம் பந்தயம் நெருங்குகிற வாரங்களில் பட்டறையின் முகமே மாறிவிடும். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளைகள், டாக்டர்கள், காலேஜ் பையன்கள் என்று ஆட்கள் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஏரியால்தான் ஊர் பலருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தடமாக்கிக்கொண்டது. கல்கத்தாவில் பாரக்பூர், பம்பாயில் ஜூஹு என்று மற்ற ஊர்களிலும் ஓடுதளங்களில்தான் பந்தயம் நடந்தது. தடம் கட்டப் பணமில்லாத காலத்தில் நீளமான கான்கிரீட் கிடைத்த இடம் அவை மட்டும்தான்.

ஓடுதளத்தில் ஓட்டுவதற்கும் சாலையில் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால்தான் அப்பா செய்த வேலை புரியும். விமானத்துக்காகப் போட்ட பாதை நேராகவே போகும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து வைத்திருக்கிற நேரம் அங்கே மிக அதிகம். நேர்கோடு முடிகிற இடத்தில் சட்டென்று ஒரு கூர்மையான வளைவு. எஞ்சின் முழுச் சூட்டில் நீண்ட நேரம் ஓட வேண்டும், அந்த வேகம் முழுவதையும் பிரேக் ஒரே இடத்தில் விழுங்க வேண்டும். கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே இருக்கிற இணைப்புகள் ஒவ்வொன்றும் சஸ்பென்ஷனைத் தட்டும். சென்னை வெயில் வேறு. அன்றைய வீட்டுக் கார்களில் ஒன்றைக்கூட அதன் சொந்த நாட்டு எஞ்சினியர்கள் இந்த வேலைக்கென்று வரையவில்லை.

ராஜ குடும்பத்தவர்களின் ஜாகுவார்கள் அங்கே ஓடியதையும், விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் என்சைன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதையும் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டம் அதைப் பார்க்கத்தான் லாரி பிடித்து வந்தது. அந்த வண்டிகள் வெளிநாட்டில் யாரோ செய்தவை. எனக்குச் சொல்ல இருப்பது ஹெரால்டையும் ஃபியட்டையும் பற்றி.

ஹெரால்ட் நம் ஊர்க் கார். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். இங்கிலாந்தில் இதே கார் 1959-இல் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வந்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. 1962-இல் அதே டிரையம்ப் கம்பெனி, அதே மிக்கெலோட்டியின் கையால், ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் ஒரு திறந்த காரை வைத்தது. அதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், உலகம் முழுக்க விற்ற ஸ்போர்ட்ஸ் கார். முன் சஸ்பென்ஷன், பின் ஆக்ஸில், ஸ்டீயரிங் எல்லாம் ஹெரால்டினுடையவை. எஞ்சினும் ஒரே குடும்பம். நம் ஹெரால்டில் 948 சிசி, ஒற்றை கார்புரேட்டர். ஸ்பிட்ஃபயரில் 1147 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 63 குதிரைசக்தி. ஆக, தாம்பரத்தில் ஆபீஸுக்குப் போய்வந்த ஒரு குமாஸ்தா மேலதிகாரியின் வெள்ளை ஹெரால்டுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்பு முழுதாக இருந்தது. இதை எனக்கு அப்பா சொன்னபோது நான் சிறுவன். அன்றிலிருந்து தெருவில் போகிற எந்த ஹெரால்டையும் என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிந்ததில்லை.

மெக்கானிக்குகளுக்கு அந்தக் கார் மேல் தனிப் பிரியம். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். உடம்பு சேசிஸ் மேல் போல்ட் போட்டு நிற்பது. கூரையைக்கூடக் கழற்றிவிடலாம். இரட்டை கார்புரேட்டர் இங்கே கிடைக்காதே என்றால், அதற்கும் வழி இருந்தது. அம்பாசடரில் வருவது எஸ்.யூ. கார்புரேட்டர். புதுப்பேட்டைக் கடைகளில் ஸ்பிண்டில் தேயாத இரண்டைத் தேடி எடுத்து, மேனிஃபோல்டை வெட்டி வெல்டிங் வைத்து, இரண்டின் த்ராட்டிலும் ஒன்றுபோலத் திறந்து மூடும்படி லிங்கேஜ் செய்து பூட்டுவோம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயருகிலும் பிடித்து, காற்று இழுக்கிற சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும்வரை அப்பா திருகுவார். கோவென்ட்ரியில் டிரையம்ப் கம்பெனி செய்ததற்கு இது குறைந்தது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஹெரால்டின் வில்லங்கம் பின்பக்கத்தில் இருந்தது. டிஃபரன்ஷியல் சேசிஸோடு நிலையாக நிற்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் போகிற அச்சு உள்முனையில் மட்டும் மடங்கும். அதனால் சக்கரம் மேலே கீழே போகும்போது அதன் சாய்வும் மாறும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால், பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் காரின் அடியில் மடிந்து பிடியை விடும், வண்டி சுழலும். பந்தயக்காரர்கள் இதற்குச் செய்த வைத்தியம், பின்னால் குறுக்கே போகிற லீஃப் ஸ்பிரிங்கைத் தட்டையாக்கிக் காரைத் தாழ்த்துவது. சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாய்ந்து நிற்கும், மடிய இடம் இருக்காது. தடத்தில் இது அருமை. அதே ஸ்பிரிங்கோடு பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் மூட்டையுமாக வேலூருக்குப் போனால் சக்கரம் இன்னும் சாய்ந்து டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நாசமாகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஸ்பிரிங் இரண்டு செட் வைத்திருந்தார்கள். ஸ்டாண்டர்ட் கம்பெனிக்காரர்களே கடைசியில் இந்த ஆக்ஸிலைக் கைவிட்டார்கள். 1972-இல் ஹெரால்டுக்குப் பதில் வந்த கெஸலில் சாதாரண நேர் ஆக்ஸில்தான். நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குக்கும் அதுதான் ஒத்துவந்தது என்பது உண்மை. ஆனாலும் ஹெரால்டை அடக்கத் தெரிந்த ஒருவர் ஓட்டும்போது இருந்த அழகு கெஸலில் இல்லை.

எங்கள் பட்டறையின் உயிர் ஃபியட் ஹெட்டில் இருந்தது. பம்பாய் பிரீமியர் கம்பெனியின் ஃபியட் 1100-தான் பின்னால் பத்மினி ஆயிற்று. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ., மொத்தம் 1089 சிசி. பத்மினிக்குக் கம்பெனி சொன்ன சக்தி சுமார் 40 குதிரை. அதற்கு மேல் ஒவ்வொரு குதிரையையும் கடைசல் மெஷினிலும் கிரைண்டரிலும்தான் சம்பாதிக்க வேண்டும்.

முதல் வேலை கம்ப்ரெஷனை ஏற்றுவது. கணக்கை அப்பா சிலேட்டில் போட்டுக் காட்டுவார். ஒரு சிலிண்டருக்கு 272 சிசி. கம்ப்ரெஷன் 7.8-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சுகிற இடம் 40 சிசி. 9-க்கு 1 வேண்டுமானால் அந்த இடம் 34 சிசி ஆக வேண்டும். 6 சிசி குறைக்க ஹெட்டின் முகத்தில் ஏறக்குறைய 2 மி.மீ. சீவ வேண்டும். கேட்க எளிது. ஆனால் டாக்ஸியில் ஓடிக் கொதித்துக் கோணிய ஹெட் ஏற்கெனவே பல கை மாறிப் பலமுறை சீவப்பட்டிருக்கும். புதுசு என்று நினைத்து 2 மி.மீ. எடுத்தால் நாசம். ஆகவே அப்பா எந்த ஹெட்டையும் அளக்காமல் மெஷினில் ஏற்றியதில்லை. வால்வையும் பிளக்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து மட்டம் பார்த்து வைத்து, நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடித் துண்டை கிரீஸ் தடவி அதன்மேல் ஒட்டி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவார். நான்கு அறையும் ஒரே அளவு வரும்வரை கையால் சுரண்டி, மறுபடி அளந்து, மறுபடி சுரண்டுவார். ஒரு ஹெட்டுக்கு ஒரு பகல் முழுக்க இதிலேயே போகும்.

ஹெட்டைச் சீவினால் வேலை அதோடு நிற்காது. புஷ்ராட் அதே நீளம், ஹெட் மட்டும் கீழே வந்துவிட்டது. ராக்கர் கோணம் மாறும். ராக்கர் தூணுக்கு அடியில் தகடு வைத்து உயர்த்த வேண்டும். வால்வ் பிஸ்டனில் இடிக்குமா என்று பார்க்க, பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடுகிற மெழுகுக் களிமண்ணை வைத்து ஹெட்டைப் பூட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, மறுபடி கழற்றி, களிமண்ணில் பதிந்த தடத்தை பிளேடால் வெட்டி கனம் பார்ப்போம்.

இதற்கெல்லாம் முன்னால், ஹெட்டைக் கையில் வாங்கும்போதே அப்பா ஒரு கேள்வி கேட்பார்.

“சார், திங்கட்கிழமை இந்த வண்டியிலதானே ஆபீஸ் போவீங்க?”

“ஆமா மேஸ்திரி. வேற வண்டி ஏது?”

“அப்ப எட்டரைக்கு மேல வேணாம் சார். நாக்கிங் அடிச்சா பிஸ்டன் ஓட்டையாயிடும்.”

நம் பெட்ரோலின் தரம் அப்போது குறைவு. கம்ப்ரெஷன் கூடினால், தீப்பொறி பற்றவைத்த தீ பரவி வருமுன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து எஞ்சின் கணகணக்கும். பந்தயத்தன்று நல்ல பெட்ரோலைத் தேடிப் பிடித்து ஊற்றலாம். வாரம் முழுக்க முடியாது. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியபோது பெட்ரோல் செலவும் பெரிய கவலையாயிற்று. பெரிய ஜெட் போட்ட கார்புரேட்டரோடு திங்கட்கிழமை வண்டி எடுக்கிறவருக்கு மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். வசதி உள்ளவர்கள் இரண்டாவது ஹெட் ஒன்றையே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சீவிய ஹெட் ஏறும், ஞாயிறு ராத்திரி பழைய ஹெட் ஏறும். வசதி இல்லாதவர்களுக்கு அந்த எட்டரைதான் எல்லை.

நான் இன்றைக்கும் மெச்சுவது அந்த எல்லையைத்தான். ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்தால் எஞ்சின் சீறி ஏறும், ஆனால் சிக்னலில் நிற்கும்போது நடுங்கும்; எனவே பாதிதான் எடுப்பார்கள். கேம்ஷாஃப்டில் வெல்டிங் ஏற்றி வேறு வடிவத்தில் கிரைண்ட் செய்தால் மேலே சக்தி கிடைக்கும், கீழே செத்துவிடும்; மவுண்ட் ரோட்டில் இரண்டாம் கியரில் ஊர்கிறவருக்கு அது ஆகாது. வெளிநாட்டுப் பந்தய நூல்களில் இருக்கிற எதையும் அப்படியே செய்ய முடியாததால், எதை எவ்வளவு செய்தால் இரண்டு பக்கமும் தாங்கும் என்கிற ஞானம் இங்கே வளர்ந்தது. அளவைத் தாண்டாமல் கை நிற்பது எல்லா மெக்கானிக்குக்கும் வாய்க்காது. போர்ட்டுகளைப் பாலீஷ் போடுவதில் மட்டும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அதில் இழப்பதற்கு எதுவும் இல்லை என்பதால். எமரி காகிதத்தைக் குச்சியில் சுற்றி நான் தேய்த்த ஃபியட் போர்ட்டுகள் என் விரல்களுக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

மற்றவை சுருக்கமாக. ஃபியட்டின் கியர் ஸ்டீயரிங் தண்டில் இருந்தது; அவசரத்தில் மாற்றத் தோதில்லை என்று கீழே தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாற்றத்தைப் பலர் திருப்பிப் போடவே இல்லை, வீட்டம்மாக்களுக்கும் அதுவே பிடித்துவிட்டது. பிரேக் நான்கு சக்கரத்திலும் டிரம். நேர்கோட்டின் முடிவில் நாலைந்து முறை அழுத்தியதும் சூடேறி, பெடல் கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. காற்று போக ஓட்டை போட்டார்கள், கடினமான லைனிங் ஒட்டினார்கள். அந்த லைனிங் காலையில் குளிர்ந்திருக்கும்போது பிடிக்கவே பிடிக்காது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டியில் அதை விட்டுவைப்பதை அப்பா அனுமதித்ததில்லை. திங்கட்கிழமை காலை பழைய ஷூ பூட்டினால்தான் சாவியைக் கொடுப்பார். சீட், பம்பர், ஸ்டெப்னி எல்லாம் பந்தயத்தன்று பட்டறையில் குவிந்து கிடக்கும். எந்த சீட் எந்த வண்டியுடையது என்று பார்த்து வைப்பது என் பொறுப்பு.

1982-க்குப் பிறகு பெங்களூரில் சிபானி கம்பெனி டால்ஃபின் என்ற சின்னக் காரைச் செய்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன்தான் அது. ஃபைபர் கிளாஸ் உடம்பு, 848 சிசி அலுமினிய எஞ்சின். சந்தையில் எடுபடவில்லை. ஆனால் எடை குறைவு என்பதால் ராலியிலும் சோழவரத்திலும் பெரிய வண்டிகளை அது திணறடித்தது. ஹெட்டைச் சீவி நாங்கள் தேடிய லாபத்தை அது எடையிலேயே வைத்திருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்குள்ளேயே. ஃபியட்டைவிட இருநூறு கிலோவுக்கு மேல் இலேசு. கடையிலிருந்து வந்தபடியே ஃபியட்டின் சக்திக்கு ஏறக்குறையச் சமம். பட்டறைக்கு அது ஒரு புதுப் பாடம்.

அந்த மாருதி எஞ்சினை வைத்துக் கோயம்புத்தூரில் கரிவரதன் செய்ததுதான் இந்தக் கதையின் பெரிய திருப்பம். லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர், தானே நல்ல ஓட்டுநர். குழாய்களை வெல்டிங் செய்து சேசிஸ் கட்டி, பின்னால் 800-இன் எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். கோவையில் அது நடந்ததில் வியப்பில்லை. பஞ்சாலை இயந்திரமும் பம்ப்செட்டும் செய்து பழகிய ஊர், வார்ப்பும் கடைசலும் தெருவுக்குத் தெரு உண்டு, கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு விதைத்த இயந்திர ஆசையும் இருந்தது. எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே சேசிஸ் என்பதால் ஓட்டுகிறவரின் திறமை மட்டும் மிஞ்சித் தெரிந்தது. நரேன் கார்த்திகேயன் அந்த வண்டியில் தொடங்கி, 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராகப் போய் நின்றார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை; 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் 2003-இல் வந்த தடத்துக்கு அவர் பெயர்.

இதற்குள் சோழவரமும் முடிந்திருந்தது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தடம் திறந்தது, 3.7 கிலோமீட்டர். அதில் நேர்கோட்டுக்குச் சமமாக வளைவுகள் இருக்கின்றன. ஓடி விலக இடமும் இருக்கிறது, பார்ப்பவர்களுக்கு ஆபத்தும் குறைந்தது. இது வேண்டிய முன்னேற்றம்தான். ஆனால் பந்தய வண்டி அன்றோடு தனி வண்டி ஆயிற்று. அது லாரியில் வந்து லாரியில் போகும். ரோல் கேஜ் வைத்து வெல்டிங் செய்தபின் அதில் பின்சீட்டுக்கு இடமில்லை. தடத்தில் ஓடியதே மறுநாள் தெருவிலும் ஓடும் என்ற ஏற்பாடு மெல்ல நின்றது. ஓட்டுநர்களின் பெயர்கள் கோப்பைகளில் பொறித்திருக்கின்றன. அவர்களுடைய ஹெட்டைச் சீவிய கைகளின் பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை. இதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இப்போது என் பட்டறைக்கு வருகிற பிள்ளைகள் போலோ, ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் கட்டணம் கட்டி இருங்காட்டுக்கோட்டையில் சொந்த வண்டியை ஓட்ட முடிகிறது என்பதால், வீட்டுக் கார் மறுபடி தடத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறது. கேட்கிற முதல் விஷயம் எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது. சட்டம் இன்று கடுமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அகல டயர், வேறு சைலன்சர், வேறு எஞ்சின் எல்லாம் தெருவில் பிடிபடும். நான் அவர்களுக்குச் சொல்வது, முதலில் பிரேக் ஆயிலைப் புதுசாக மாற்று, பழையது தண்ணீரை உறிஞ்சியிருக்கும், தடத்தின் சூட்டில் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும். அடுத்து நல்ல பேட், ரேடியேட்டர் சுத்தம், சக்கர அலைன்மென்ட், வீல் நட் இறுக்கம். இவ்வளவும் சட்டத்துக்கு உட்பட்டவை. தடத்திலிருந்து திரும்பியதும் வண்டியை ஆறவிட்டு, நான்கு சக்கரத்தையும் கழற்றி, பேட்டில் எவ்வளவு கனம் மிச்சம், எந்த டயரின் எந்த விளிம்பு தேய்ந்திருக்கிறது என்று தேதி போட்டு எழுதிக் கொண்டுவரச் சொல்கிறேன். எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் அடுத்த வேலையைத் தொடங்குகிறேன்.